கிணற்று நீரின் குற்றமறியும் மின்முனைக் கருவிகள்

முகவுரை

கிணற்று நீர் தெளிந்திருந்தால் அது நல்ல நீரென்று கொள்வது குடியானவர்களிடையே நெடுங்கால வழக்கம். வாயிலிட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பதும், பருப்பு வேகிறதா, சவுக்காரம் நுரைக்கிறதா என்று கவனிப்பதும் முன்னோர் கைக்கொண்ட சோதனைகளாகும். இவை பொய்யான சோதனைகள் அல்ல. ஆயினும் இக்காலத்திற்குப் போதா. நாக்கு உப்பை உணருமுன்பே பீன்ஸும் வெங்காயமும் அதை உணர்ந்து விளைச்சலிற் குன்றிவிடும். பல்லைக் கறைப்படுத்தி எலும்பை இறுக்கும் புளோரைடு, நீரில் உள்ள அளவில் நிறமும் மணமும் சுவையும் இல்லாதது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைக்கும் நைட்ரேட்டும் அத்தகையதே.

கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத இக்குற்றங்களை அறிவதற்கு மின்முனைக் கருவிகள் பல ஏற்பட்டுள்ளன. அவற்றுட் சில சட்டைப் பையில் அடங்குவன. சில பரிசோதனை நிலையங்களில் மாத்திரம் உள்ளவை. இவற்றைப் பற்றி முதலாவதாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நீர் முழுவதும் நல்லதா கெட்டதா என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு மின்முனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடையளிக்கும். ஆகவே எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைத் தீர்மானித்துக்கொண்ட பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

கருவிகள் வேலை செய்யும் விதம்

நீரிற் கரைந்த உப்புகள் மின்னேற்றமுள்ள நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கின்றன. இவற்றிற்கு அயனிகள் என்று பெயர். மின்முனைக் கருவிகள் யாவும் இவ்வியல்பையோ, நீரிலுள்ள பொருள் மின்முனையில் அடையும் இரசாயன மாறுதலையோ பயன்படுத்துவன. அவை மூன்று வகைப்படும்.

முதல் வகை, நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளப்பது. உப்பளவு காட்டும் கருவி இவ்வகையினது. இரண்டாவது வகை, ஒரு குறிப்பிட்ட அயனியை மாத்திரம் இனங்கண்டு, அதன் செறிவுக்கு ஏற்ற மின்னழுத்தத்தைக் காட்டுவது. கார அமில நிலை, புளோரைடு, நைட்ரேட்டு ஆகியவற்றை அளக்கும் கருவிகள் இவ்வகையின. மூன்றாவது வகை, ஒரு பொருளை மின்முனையில் மாறுதலடையச் செய்து, அப்பொழுது ஓடும் மின்னோட்டத்தை அளப்பது. நீரிற் கரைந்த பிராணவாயுவையும் ஈயம் முதலிய உலோகங்களையும் அளப்பவை இவ்வகையின. நீரிழிவு நோயாளர்கள் ஒரு துளி இரத்தமிட்டுப் பார்க்கும் சிறு பட்டையும் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்ததேயாகும்.

உப்பளவு காட்டும் கருவி

விவசாயிக்கு முதன்மையாக வேண்டுவது இதுவே, விலையும் குறைவு. இரு மின்முனைகளுக்கிடையே திசை மாறி ஓடும் மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் மின்கடத்தும் திறனைக் கருவி காட்டுகிறது. இதன் அலகு ஒரு மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்பதாம். சில கருவிகள் மைக்ரோசைமன் கணக்கிற் காட்டும். சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசைமன் என்பது மீட்டருக்கு 1 டெசிசைமன் என்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் ரிவர்சைடு நகரிலுள்ள உவர் நில ஆராய்ச்சிச்சாலையார் 1954-ஆம் ஆண்டில் பாசன நீரை நான்கு தரங்களாக வகுத்தனர். 0.25 டெசிசைமனுக்குக் குறைந்தது முதல் தரம், 0.25 முதல் 0.75 வரை இரண்டாவது, 0.75 முதல் 2.25 வரை மூன்றாவது. அதற்கு மேற்பட்டது நான்காவது தரம். உலக உணவு விவசாய ஸ்தாபனம் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, மண்ணில் வடிகால் நன்றாயிருக்கும்போது விளைச்சல் குன்றாமலிருக்க வேண்டின், நீரின் மின்கடத்தும் திறன் பீன்ஸுக்கு 0.7, வெங்காயத்திற்கு 0.8, கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் 1.1, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0, நிலக்கடலைக்கு 2.1, சோளத்திற்கு 4.5, பருத்திக்கு 5.1 என்ற அளவுகளைத் தாண்டலாகாது. ஒரே கிணற்று நீர் பருத்திக்கு அமிர்தமாகவும் வெங்காயத்திற்கு நஞ்சாகவும் இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வெண்களின் பொருளை மூட்டைக் கணக்கிற் பார்த்தால் நன்கு மனத்திற் பதியும். 1 டெசிசைமன் காட்டும் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மி.கி. உப்பு கரைந்திருக்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீர் ஏறக்குறைய 1,03,000 லிட்டர். அதிலுள்ள உப்பு 66 கிலோ. கிணறு 3 டெசிசைமன் காட்டி, பயிர்க் காலத்தில் 20 அங்குல நீர் பாய்ச்சப்பட்டால், அவ்வோர் ஏக்கரில் இறங்கும் உப்பு ஏறக்குறைய 3,950 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டைகளில் 79 மூட்டை. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. மழையோ மிகுதியான பாய்ச்சலோ அதை வேருக்குக் கீழே கழுவிச் செல்லாவிட்டால் நிலம் உவராகும்.

கடைகளில் டி.டி.எஸ். மீட்டர் என்று விற்கப்படுவதும் உண்மையில் இக்கருவியே. அது உப்பை நிறுத்துப் பார்ப்பதில்லை. மின்கடத்தும் திறனை அளந்து, ஓர் எண்ணாற் பெருக்கிக் காட்டுகிறது. அப்பெருக்கெண் ஒரு கருவியில் 0.5 ஆகவும் மற்றொன்றில் 0.7 ஆகவும் இருக்கலாம். ஒரே நீருக்கு இரு கருவிகள் வெவ்வேறு விடை காட்டும் மர்மம் இதுதான். ஆகையால் மின்கடத்தும் திறனையே குறித்து வைத்தல் நலம்.

கார அமில நிலை

நீரின் கார அமில நிலையை 0 முதல் 14 வரையுள்ள எண்களாற் குறிக்கும் முறையை 1909-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர் சோரென்சன் ஏற்படுத்தினார். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மெல்லிய கண்ணாடிக் குமிழியாலான மின்முனை இதை அளக்கிறது. எளிதிற் கையாளத்தக்க கருவியை 1934-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் அமைத்தார். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டிய ஒரு நண்பருக்காகவே அது முதலிற் செய்யப்பட்டது. விவசாய விளைபொருளிலிருந்தே இக்கருவி பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வெண்ணில் ஒன்று ஏறுவது சிறு மாறுதலன்று. நீரின் அமிலச் செறிவு பத்திலொன்றாகக் குறைந்துவிட்டது என்று பொருள். பாசன நீர் சாதாரணமாக 6.5-க்கும் 8.4-க்கும் இடையில் நிற்கும். 8.4-க்கு மேற்போனால் சோடியம் கார்பனேட்டு வகை உப்புகள் மிகுந்திருக்கலாம் என்று ஐயுறல் வேண்டும். இத்தகைய நீர் நிலத்தைக் களராக்கி, மண்ணை இறுகச் செய்து, நீர் கீழிறங்காமல் தடுத்துவிடும். ஆனால் இக்கருவி ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது. எஞ்சிய சோடியம் கார்பனேட்டு எவ்வளவு என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கணக்கிட்டறிதல் வேண்டும். அது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குக் குறைந்தால் அபாயமில்லை, 2.5-க்கு மேற்பட்டால் அந்நீர் பாசனத்திற்கு ஆகாது. இடைப்பட்ட நீரை ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாளுரம் மடக்கி உழுதும் உபயோகித்துக்கொள்ளலாம்.

குடிநீரில் புளோரைடு

உப்பளவு குறைந்த கிணறு குடிக்கத் தக்கதென்று முடிவு செய்வது பெருந்தவறு. லிட்டருக்கு 3 மி.கி. புளோரைடு சேர்ந்தாலும் மின்கடத்தும் திறன் கண்டறியத்தக்க அளவு மாறாது. ஆனால் அவ்வளவு புளோரைடு பல ஆண்டுகள் குடிப்பவரின் எலும்பைக் கெடுக்கப் போதுமானது. இந்தியாவில் இந்நோய் மனிதரிடையே பரவியிருப்பதை, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் ஆராய்ந்து, ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தொல்லை மிகுதி. அதன் பொருட்டே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

புளோரைடை அளக்கும் மின்முனையில் லாந்தனம் புளோரைடு என்ற பொருளின் ஒற்றைப் படிகம் பதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவைச் சேர்ந்த பிராண்டு, ராஸ் என்ற இருவர் 1966-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர். இப்படிகம் புளோரைடு அயனிக்கு மாத்திரம் இடங்கொடுப்பதால், நீரிலுள்ள மற்ற உப்புகள் பெரும்பாலும் இதை ஏமாற்றுவதில்லை. செறிவு பத்து மடங்கு மாறினால், 25 பாகை வெப்பத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். சோதிக்கும் நீருடன் சமன்படுத்தும் கரைசலைச் சேர்த்த பின்பே அளத்தல் வேண்டும். இல்லாவிட்டால், அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் புளோரைடு கணக்கில் வராது போகும்.

இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி குடிநீரில் லிட்டருக்கு 1.0 மி.கி. புளோரைடு இருக்கலாம், வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட கிணற்றுநீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் விலக்கல் வேண்டும். காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும். புளோரைடு பாறையிலிருந்து வருவதாகையால், ஒரு கிணற்றில் கண்ட அளவு பக்கத்துக் கிணற்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் அவசியம். கால்நடைகளுக்கும் இந்நோய் உண்டு என்பதை மறக்கலாகாது.

நைட்ரேட்டு

1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரிற் கலக்கிய பால் பருகிய கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, நீரிலுள்ள நைட்ரேட்டே காரணமென்று விளக்கினார். நைட்ரேட்டு குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கே அபாயம் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது இந்திய விதி. இதற்குத் தளர்வு கிடையாது. இந்நீரையும் காய்ச்சிப் பயனில்லை.

அளவு மீறிய யூரியா, கிணற்றருகே குவித்த எரு, மாட்டுத் தொழுவத்துக் கழிவு, மலக்குழி ஆகியவை நைட்ரேட்டு கிணற்றிற் சேரும் வழிகள். இதை அளக்கும் மின்முனையில் படிகத்திற்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு அமைந்துள்ளது. இதற்கு ஒரு குறையுண்டு. சாதாரண உப்பிலுள்ள குளோரைடு மிகுந்த நீரில், உள்ளதற்கும் அதிகமான நைட்ரேட்டை இது காட்டும். எனவே உப்புக் கிணறுகளில் கருவியின் விடையைப் பரிசோதனை நிலையத்தில் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

குடிப்பதற்கு ஆகாத இந்நீர் பயிருக்கு உரமாகும். லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட்டில் தழைச்சத்து ஏறக்குறைய 10 மி.கி. உள்ளது. 20 அங்குலம் பாய்ச்சினால் ஏக்கருக்கு 21 கிலோ தழைச்சத்து நிலத்திற் சேரும். அதை உரக் கணக்கிற் கழித்துக்கொள்ளுகிறவர் பணத்தையும் மிச்சப்படுத்துகிறார். கிணறு மேலும் கெடாமலும் காக்கிறார்.

ஏரி நீரில் பிராணவாயு, நீரில் உலோகங்கள்

ஆலைக் கழிவோ சாக்கடையோ ஏரியில் விழுந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்த பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன, மீன்கள் மடிகின்றன. இதை அளக்கும் சவ்வு மூடிய மின்முனையை லேலண்டு கிளார்க் என்பவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 25 பாகை வெப்பத்தில் நல்ல நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மி.கி. பிராணவாயு இருக்கும். பாசி மண்டிய நீர் பகலிற் பிராணவாயு மிகுந்தும் விடியலிற் குறைந்தும் காணப்படும். ஆதலால் விடியற்காலையில் அளந்தாலன்றி உண்மை புலப்படாது.

ஈயம் முதலிய உலோகங்களுக்கு வேறு முறை கையாளப்படுகிறது. பிராக் நகரத்து ஹெய்ரோவ்ஸ்கி 1922-ஆம் ஆண்டில் சொட்டும் பாதரசத்தை மின்முனையாகக் கொண்டு கண்ட முறைக்கு 1959-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வழியில் வந்த முறையில், நீரிலுள்ள உலோகத்தை முதலில் மின்முனைமீது சில நிமிஷங்கள் படியவைத்து, பின்பு மின்னழுத்தத்தை மாற்றி ஒவ்வோர் உலோகமாகக் கரையச் செய்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கின்றனர். குடிநீரில் ஈயத்திற்கு விதித்த எல்லை லிட்டருக்கு 0.01 மி.கி.; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அளவையும் இம்முறை காட்டவல்லது. ஆயினும் இது தேர்ந்தோர் கையாள வேண்டிய வேலையாகும், வயல்வெளிக்குரியதன்று.

நொய்யல் கற்பிக்கும் பாடம்

கேள்வியைத் தவறாகக் கேட்டால் நேரும் நஷ்டத்திற்கு நொய்யலாற்றுப் பகுதி சான்றாகும். திருப்பூரில் பருத்தி ஆடைகளுக்குச் சாயமேற்றச் சோடியம் உப்புகள் பெருமளவில் உபயோகமாகின்றன. சாயக் கழிவு ஆற்றில் விடப்பட்டது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-ஆம் ஆண்டில் முடித்த அணையில் அக்கழிவு தேங்கியது. அணை நீரைப் பாசனத்திற்கு வேண்டாமென்று ஆயக்கட்டுக்காரர்களே மறுக்கும் நிலை உண்டாயிற்று. ஆற்றோரக் கிணறுகளும் உவரேறின.

பின்னர் ஏற்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயத்தின் நிறத்தைப் பெரிதும் நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை. கண்ணுக்குக் கழிவு திருந்தியதாகத் தோன்றிற்று. மின்கடத்தும் திறனை அளந்தவருக்கோ அது திருந்தாதது தெரிந்தது. கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் உத்தரவிட்டது. நிறத்தைக் கேட்டவர் ஒரு விடையும் உப்பைக் கேட்டவர் மற்றொரு விடையும் பெற்றனர். நிலத்தைக் கெடுத்தது உப்பேயன்றி நிறமன்று.

மாதிரி எடுத்தலும் கருவியைப் பேணுதலும்

1. மோட்டாரைப் பத்து நிமிஷத்திற்குக் குறையாமல் ஓடவிட்ட பின்பே நீர் பிடித்தல் வேண்டும். குழாயில் தேங்கிய நீர் கிணற்று நீராகாது.

2. சுத்தமான புட்டியை அதே நீரால் மும்முறை கழுவி, விளிம்பு வரை நிரப்பி, சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டுதல் வேண்டும். பூச்சிமருந்துப் புட்டி எவ்வளவு கழுவினாலும் உதவாது.

3. உப்பளவையும் கார அமில நிலையையும் கிணற்றடியிலேயே அளப்பது சிறந்தது.

4. உப்பளவுக் கருவியை, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த கரைசலில் அவ்வப்போது சரிபார்த்தல் வேண்டும். 25 பாகையில் அது 1.41 டெசிசைமன் காட்ட வேண்டும். உரக்கடைப் பொட்டாஷ் இதற்கு ஆகாது.

5. வெப்பம் ஒரு பாகை ஏறினால் மின்கடத்தும் திறன் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு ஏறும். வெப்பத் திருத்தம் தானே செய்யும் கருவியை வாங்குவது நலம்.

6. கண்ணாடி மின்முனையை உலரவிடலாகாது. காய்ச்சி வடித்த நீரிலும் ஊறவிடலாகாது. அதற்குரிய பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் வைத்தல் வேண்டும். அளக்குமுன் 4, 7, 9.2 என்ற தரக் கரைசல்களில் தக்க இரண்டிற் சரிபார்த்தல் அவசியம். சரிபார்க்கப்படாத கருவி கள்ளத் தராசுக்கு ஒப்பாகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கது

ஒரு முறை அளந்த எண்ணைவிட, ஆண்டுதோறும் அளந்த எண்களின் வரிசையே மதிப்புடையது. சித்திரையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும் ஒவ்வொரு பொதுக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் அளந்து, கிராமத்தில் ஓர் ஏடு வைத்துக் குறித்துவருதல் நலம். ஊருக்கு ஒரு கருவி போதும். பாசன நீரை விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்திலும், குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனை நிலையத்திலும் கொடுத்துப் புளோரைடு, நைட்ரேட்டு முதலியவற்றை அறிந்து, அதே ஏட்டிற் சேர்த்தல் வேண்டும். நோய்க்கிருமிகளை இம்மின்முனைகள் காட்டாவாகையால், குடிநீர்க் கிணற்றுக்கு அச்சோதனையையும் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஆலைக் கழிவால் நீர் கெட்டதென்று ஐயம் நேரின், கையிலுள்ள கருவியின் எண் வழக்குக்குச் சாட்சியாகாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் முன்னறிவிப்புக் கொடுத்து முறைப்படி எடுத்த மாதிரியே செல்லும். ஆயினும் எந்த நாளில் அவ்வதிகாரிகளை அழைப்பது, எந்தக் கிணற்றைக் காட்டுவது என்பவற்றை ஊர் ஏடே சொல்லும். பத்தாண்டுகள் 0.9 டெசிசைமனில் நின்ற கிணறு ஒரே ஆண்டில் 1.8-க்கு ஏறியிருப்பதைத் தேதியுடன் காட்டும் ஊரின் முறையீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

உவரேறிய நிலத்தைத் திருத்தப் பல ஆண்டுகள் செல்லும். இறுகிய எலும்பு மீளவே மீளாது. எனவே குற்றம் நேருமுன் கண்டறிவதே விவேகமாகும். இவ்வாண்டு சித்திரையில் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு முதல் எண்ணைக் குறிப்பதோடு அவ்வேலை தொடங்கிவிடும்.